தோலுக்கடியில் 23 நாள்: ஒரு வீட்டுப் பட்டறை இம்பிளான்ட் பற்றிய நிகழ்வு ஆய்வு

பொருள் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் என் மேசைக்கு வந்தது. சிறுநீர் பரிசோதனைக்குக் கொடுப்பார்களே, அந்த மாதிரித் திருகு மூடி போட்ட டப்பா. உள்ளே கொஞ்சம் உப்புக் கரைசல். அதில் பால் நிற சிலிக்கோன் ரப்பர் பூசிய ஒரு மின்சுற்றுப் பலகை. நீளம் 34 மில்லிமீட்டர், அகலம் 19, தடிமன் 8. ஒரு மூலையில் மட்டும் பழுப்பாக ஒரு கறை. முந்தின நாள் வரை அது ஒருவருடைய இடது முன்கைத் தோலுக்கடியில் இருந்தது.

"ஏன் இப்படி ஆச்சுன்னு நீங்களே பிரிச்சுப் பார்த்துச் சொல்லுங்கண்ணா" என்றார் அதன் சொந்தக்காரர். கையில் கட்டு. வலியைவிட அவமானம்தான் முகத்தில் அதிகம் தெரிந்தது.

நான் பலகைகளைப் பழுது பார்ப்பவன், மருத்துவன் அல்ல. அதனால் இந்த ஆய்வில் உடம்பைப் பற்றிச் சொல்வதெல்லாம் அவருடைய நோட்டிலிருந்தும், அறுவை மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டிலிருந்தும் எடுத்தது. பலகையைப் பற்றிச் சொல்வதற்கு மட்டும் நான் பொறுப்பு. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார், போடவில்லை.

முன்கதை

பகலில் மென்பொருள் எழுதுகிற, இரவில் சாலிடரிங் அயர்ன் பிடிக்கிற ஆள் அவர். இந்தப் பலகைக்கு முன்பே உடம்பில் இரண்டு பொருள் வைத்திருந்தார்.

முதலாவது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையில் ஒரு கண்ணாடிக் குப்பி. 2 மில்லிமீட்டர் குறுக்களவு, 12 மில்லிமீட்டர் நீளம். பச்சரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிசு. உள்ளே 13.56 மெகாஹெர்ட்ஸில் பேசும் என்எப்சி (பக்கத்தில் வைத்தால் மட்டும் வயரில்லாமல் பேசும் முறை) சிப்பும் ஒரு குட்டிச் சுருளும். பேட்டரி கிடையாது. ரீடரை அருகில் கொண்டுபோனால் அதன் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். சிப்பின் நினைவகம் 888 பைட். ஒரு முகவரியும் ஒரு தொலைபேசி எண்ணும் எழுதலாம், படம் கிடம் எல்லாம் நடக்காது. பிரிட்டனின் ரீடிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெவின் வார்விக் 1998ல் இப்படி ஒரு குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவுகளைத் திறந்து காட்டினார், 9 நாளில் எடுத்தும் விட்டார். 2005ல் அமெரிக்கத் தொழில்முனைவோர் அமல் கிராப்ஸ்ட்ரா தன் இரண்டு கைகளிலும் வைத்துக்கொண்ட பிறகு இது ஆர்வலர்கள் மத்தியில் பரவியது. நம் ஆளுடைய குப்பி நாலு வருடமாக ஒழுங்காக வேலை செய்கிறது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் அதன் பெருமை.

இரண்டாவது, மோதிர விரல் நுனியில் ஒரு காந்தம். நியோடிமியம் காந்தத்தின் மேல் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. இது கொஞ்சம் ருசியான விஷயம். விரல் நுனியில் அதிர்வை உணரும் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. மாறுகிற காந்தப்புலம் பக்கத்தில் வந்தால் உள்ளே இருக்கும் காந்தம் நடுங்கும், அந்த நடுக்கத்தை நரம்பு பிடித்துக்கொள்ளும். மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மர் இருக்கும் பக்கத்தில் கை வைத்தால், "விரலுக்குள்ளே ஒரு வண்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும்ணா" என்பார். சுவருக்குள் ஓடும் வயரையே கண்டுபிடித்துவிடலாம் என்று ஆரம்பத்தில் பீற்றிக்கொண்டார். அது நடக்கவில்லை. போகிற கம்பியும் திரும்பி வருகிற கம்பியும் ஒட்டி ஓடும்போது புலங்கள் ஒன்றையொன்று கிட்டத்தட்ட அழித்துவிடும். சுருள் இருக்கிற இடத்தில்தான் வண்டு கத்தும்.

காந்தத்தில் ஆபத்து பூச்சில் இருக்கிறது. நியோடிமியம் காந்தம் உப்பு ஈரத்தில் சீக்கிரம் அரிக்கும். பத்திரிகையாளர் குவின் நார்ட்டன் இப்படி ஒரு காந்தத்தை விரலில் வைத்துக்கொண்டு, அதன் உறை உடைந்து, காந்தம் உள்ளேயே துண்டுதுண்டாகிப் போன அனுபவத்தை எழுதியிருக்கிறார். நம் ஆள் அதைப் படித்தவர், அதனால்தான் நல்ல பூச்சாகப் பார்த்து வாங்கினார். அது இன்னும் கெடவில்லை.

இந்த இரண்டும் நல்லபடி நடந்ததுதான் மூன்றாவது கெட்டதற்கு முதல் காரணம் என்பது என் கருத்து. உடம்புக்குள் பொருள் வைக்கத் தனக்குத் தெரிந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். குப்பிக்குக் கண்ணாடியை உருக்கி மூடியதும், காந்தத்துக்குப் பூச்சு போட்டதும் வேறு யாரோ, வேறு எந்தத் தொழிற்சாலையிலோ. தன் கையால் அவர் உறை போட்டது இந்த மூன்றாவது பொருளுக்குத்தான்.

என்ன செய்தார்

முன்கைத் தோலுக்கடியில் பத்து மாதம் இருந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்துவைக்கும் கருவி. போனை மேலே வைத்தால் என்எப்சி வழியாகக் கணக்கை ஒப்பிக்க வேண்டும். இது புது யோசனை இல்லை. 2013ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த டிம் கேனன், சீட்டுக்கட்டு அளவில் ஒரு வெப்பமானியை முன்கையில் வைத்துக்கொண்டார். அது புளூடூத்தில் போனுக்குப் பேசியது, வெளியிலிருந்து வயரில்லாமல் சார்ஜ் ஆனது. பேட்டரி வீங்கிவிடுமோ என்ற கவலையில் சில மாதங்களிலேயே அதை எடுக்க வேண்டி வந்தது. நம் ஆள் அதிலிருந்து பாடம் படித்தார்: சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரியே வேண்டாம், 3 வோல்ட் நாணய பேட்டரி போதும், அளவும் பாதிக்குப் பாதி குறையும்.

வெப்பத்தை உணர 100 கிலோ ஓம் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அதோடு தொடராக இன்னொரு 100 கிலோ ஓம் தடை, இரண்டுக்கும் குறுக்கே பேட்டரி. அளக்கும்போது மட்டும் மின்சாரம் கொடுக்க ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. எப்போதும் ஓடினாலும் 18 மைக்ரோ ஆம்பியர்தானே, 130 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி பத்து மாதம் தாங்குமே என்று கணக்குப் போட்டார். கணக்கு சரி. ஆனால் அந்த 3 வோல்ட் பத்து மாதமும் பலகையின் இரண்டு இடங்களுக்கு நடுவே ஓய்வில்லாமல் நிற்கும் என்பதை அந்தக் கணக்கு சொல்லவில்லை. அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

உறைக்கு இரண்டு பாகமாகக் கலக்கும் சிலிக்கோன் ரப்பர். குளியலறை ஓரங்களில் பூசும், வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கோனை அவர் தொடவில்லை. அது காயும்போது விடும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும் என்று தெரிந்து வைத்திருந்தார். மூன்று தடவை முக்கி முக்கி எடுத்தார். பிறகு ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு போட்ட தண்ணீரில் 5 நாள் ஊற வைத்தார். அறை வெப்பநிலையில். பேட்டரி தொடர்பு இடையில் ஒரு காகிதத் துண்டு வைத்து மின்சாரத்தை நிறுத்திவிட்டு. ஆறாம் நாள் காகிதத்தை உருவி, அந்த ஓட்டையை அடைத்து, ஓடவிட்டார், ஓடியது. நோட்டில் "பாஸ்" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

எந்த மருத்துவரும் வைத்துவிட ஒத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொள்ளவும் கூடாது. உடலில் துளையிட்டு அணி பூட்டும் தொழில் செய்பவர் ஒருவர்தான் வைத்தார். மரத்துப்போகும் ஊசி போட அவருக்கு உரிமமில்லை. பனிக்கட்டியை ஒத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தது. அந்தப் பக்கத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

நோட்டு

இந்த வழக்கில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது அவர் நோட்டுதான். நாள் தவறாமல் எழுதியிருக்கிறார். வரைபடத்தைக் கையால் வரைந்து பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்.

முதல் மூன்று நாள் 35க்கு மேல். காயம் ஆறும் சூடு, அதில் அதிசயமில்லை. 5ஆம் நாள் 34 டிகிரிக்கு இறங்கி நின்றது. இங்கே அவருக்கு முதல் குழப்பம். உடம்பு 37 டிகிரி என்றுதானே படித்தோம்? ஆனால் 37 என்பது உள்ளுறுப்புகளின் சூடு. கை காலில் தோலுக்கு ஓரமாகப் போகப் போகச் சூடு குறையும். இரண்டாவது குழப்பம், அலை தலைகீழாக இருந்தது: இரவில் தூங்கும்போது ஏறுகிறது, பகலில் இறங்குகிறது. அதுவும் சரிதான். தூக்கம் வரும்போது உடம்பு கை கால்களுக்கு ரத்தத்தை அதிகம் அனுப்பிச் சூட்டை வெளியே விடும்; உள்ளே குளிரும், ஓரம் சூடாகும். ஆக, 6 முதல் 10 வரையிலான நாட்களில் அந்தக் கருவி அழகாக வேலை செய்தது. பகலுக்கும் இரவுக்கும் 1.2 டிகிரி வித்தியாசத்தில் ஒரு சீரான அலை. ஐந்து நாள் உண்மை சொன்னது.

ஆனால் இந்த ஐந்து நாள் குழப்பத்தில் அவர் ஒன்றைப் பழகிக்கொண்டார். எண் விசித்திரமாக இருந்தால் கருவியைச் சந்தேகிக்கக் கூடாது, உடம்பைப் பற்றி நமக்குத்தான் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்வது. இரண்டு தடவை கருவி ஜெயித்ததால் வந்த பழக்கம்.

11ஆம் நாளிலிருந்து அலையின் அடிப்பகுதி இறங்க மறுத்தது. 14ஆம் நாள் சராசரி 35.2. 16ஆம் நாள் முழங்கைப் பக்கத்து மூலையில் சிவப்பு. "எறும்பு கடிச்ச மாதிரி ஒரே புள்ளியில் எரிச்சல்" என்று எழுதியிருக்கிறார். 17ஆம் நாள் 36.4. 19ஆம் நாள் 37.6. 21ஆம் நாள் 38.3. அதே நாள் வாயில் வைத்துப் பார்த்த சாதாரணத் தெர்மாமீட்டர் 36.8 காட்டியது. இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டு, அடியில் ஒரு முடிவும் எழுதியிருக்கிறார்: "உள்ளூர்க் காய்ச்சல். இம்பிளான்ட்தான் முதலில் கண்டுபிடித்தது!" அந்த ஆச்சரியக்குறியைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

18ஆம் நாளே ஒரு மருத்துவரிடம் போய் ஆன்டிபயாடிக் ஆரம்பித்திருந்தார். சிவப்பு பரவவுமில்லை, குறையவுமில்லை. 23ஆம் நாள் அறுவை மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பொருளை எடுத்தார். சீட்டில் இருப்பது இவ்வளவுதான்: பொருளைச் சுற்றி மெல்லிய நார்த்திசுப் பை உருவாக ஆரம்பித்திருந்தது, தெளிந்த நீர் கொஞ்சம் கோத்திருந்தது, சீழ் இல்லை, ஒரு மூலையில் மட்டும் திசு சாம்பல் நிறமாக வெந்தது போல் இருந்தது. கிருமி வளர்கிறதா என்று பார்க்க நீரைக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார்கள். எதுவும் வளரவில்லை.

கிருமி இல்லை என்றால் சிவப்பு எங்கிருந்து வந்தது? உடம்பு சூடாகவில்லை என்றால் 38.3 எங்கிருந்து வந்தது?

மேசையில்

டப்பாவைத் திறந்ததும் முதல் வேலை எடை. வைப்பதற்கு முன் 5.84 கிராம் என்று நோட்டில் இருக்கிறது. இதற்காக அவரைக் கட்டிப்பிடித்துப் பாராட்டலாம். தொழிலில் இருப்பவர்களே பலர் இதைச் செய்வதில்லை. வெளியே துடைத்துவிட்டு நான் எடுத்த எடை 5.91. 70 மில்லிகிராம் கூடியிருக்கிறது. ஒன்றரைச் சொட்டுத் தண்ணீர் உள்ளே எங்கேயோ குடியிருக்கிறது.

அடுத்து மின்னழுத்தம். என்எப்சி வழியாகக் கேட்டதில் பேட்டரி 2.6 வோல்ட் என்றது. அதாவது அது இன்னும் உயிரோடு இருந்தது, டப்பாவுக்குள்ளேயும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. இது உறைத்ததும் எனக்கு ஒரு யோசனை. காய்ச்சி வடித்த நீரில் பலகையை அலசி, நனைத்த அமிலகாரத் தாளின் மேல் பழுப்பு மூலை படும்படி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன். அரை மணி நேரம் கழித்து எடுத்தபோது தாள் முழுக்க மஞ்சள் பச்சை, மூலை பட்ட இடத்தில் மட்டும் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு நீலப் புள்ளி. காரம். எறும்பு கடித்த புள்ளி அதுதான்.

குழந்தைகள் நாணய பேட்டரியை விழுங்கினால் ஏன் அது அவசர சிகிச்சை என்று தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. பேட்டரியிலிருந்து எதுவும் கசிய வேண்டியதே இல்லை. ஈரமான திசுவில் பட்டவுடன் எதிர்முனைப் பக்கம் தண்ணீர் பிரிந்து ஹைட்ராக்சைடு உண்டாகும், இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை வெந்துபோக வைக்கும். தண்ணீரைப் பிரிக்க 1.23 வோல்ட் போதும். இங்கே இருந்தது 3. ஓட்டை ரொம்பச் சின்னது, ஓடிய மின்சாரம் ரொம்பக் கொஞ்சம், அதனால் வெந்தது ஒரு புள்ளியோடு நின்றது. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மைக்ரோஸ்கோப்பில் அந்த மூலையைப் பார்த்தேன். பலகைகளைக் கூட்டாக அச்சிட்டு ஒவ்வொன்றாக ஒடித்து எடுப்பார்கள். ஒடித்த இடத்தில் பல் பல்லாக ஒரு பிசிறு நிற்கும். அவர் அதை அரம் போட்டுத் தேய்க்கவில்லை. பலகையின் தட்டையான பக்கங்களில் சிலிக்கோன் 1.8 மில்லிமீட்டர் தடிமன். பிசிறின் மேல் 0.2கூட இல்லை, ஓரிரு பற்கள் வெளியே எட்டிப் பார்த்தன, அவற்றின் நுனியில் பேட்டரியின் எதிர்முனையோடும் நேர்முனையோடும் இணைந்த செம்பு. எத்தனை தடவை முக்கினாலும் இது இப்படித்தான் ஆகும். காய்வதற்கு முன் திரவத்தின் பரப்பு இழுவிசை அதைக் கூரான இடங்களிலிருந்து இழுத்துத் தட்டையான இடத்தில் சேர்த்துவிடும். தோசைக்கல்லின் நடுவில் ஒரு மேடு இருந்தால் அங்கே மட்டும் எண்ணெய் நிற்காதே, அதே சங்கதி. பூச்சு எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாக நிற்கும்.

ஆனால் இந்த ஓட்டை 38.3ஐ விளக்காது. தெர்மிஸ்டர் இருப்பது பலகையின் மறுகோடியில். அங்கே சிலிக்கோன் தடிமனாக, கீறலில்லாமல் இருந்தது. பிளேடால் மெதுவாகக் கிழித்தேன். தெர்மிஸ்டருக்குப் பக்கத்தில் சிலிக்கோன் பலகையைவிட்டுக் கொப்புளம் போல எழும்பி நின்றது. குத்தியதும் தண்ணீர். அதற்கு அடியில் வெள்ளையாக ஒரு படிவு, அந்தப் படிவின் மேல் தெர்மிஸ்டரின் ஒரு கால் தொடங்கி மறுகால் நோக்கிப் பெரணி இலை போலக் கிளைவிட்ட மெல்லிய உலோக வேர். பழுது பார்க்கும் தொழிலில் இந்த வேரைப் பார்த்தாலே கதை புரிந்துவிடும். ஈரம், உப்பு, நிற்காத நேர்மின்னழுத்தம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் முளைக்கும் செடி இது.

வெள்ளைப் படிவு, சாலிடர் நன்றாகப் பிடிக்கப் பூசும் பிளக்ஸின் மிச்சம். "கழுவத் தேவையில்லை" என்று பெயர் போட்டே விற்கும் வகை. போனுக்கும் ரிமோட்டுக்கும் கழுவத் தேவையில்லை. உடம்புக்குள் போகிற பலகைக்கு யாரும் அப்படி உத்தரவாதம் கொடுக்கவில்லை.

தண்ணீர் அங்கே எப்படிப் போனது

பலர் இங்கேதான் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், நம் ஆளும் அப்படியே. சிலிக்கோன் தண்ணீரை நிறுத்தும், நீராவியை நிறுத்தாது. பிளாஸ்டிக், எப்பாக்சி எதுவுமே நீராவியை முழுக்கத் தடுக்காது. வேகத்தில்தான் வித்தியாசம், அதிலும் சிலிக்கோன் ரொம்பத் தாராளம். உண்மையில் அடைப்பவை கண்ணாடி, உலோகம், பீங்கான்.

அப்படியென்றால் சிலிக்கோன் பூசிய கருவியெல்லாம் கெட வேண்டுமே? கெடவில்லை. லண்டனில் உடலியல் அறிஞர் பிரிண்ட்லி உருவாக்கிய, முதுகுத்தண்டு அடிபட்டவர்களின் சிறுநீர்ப்பையை இயக்கும் இம்பிளான்ட் சிலிக்கோன் ரப்பரில் பொதிந்ததுதான். பலருக்கு வருடக்கணக்கில் உழைத்திருக்கிறது. சூட்சுமம் ஒட்டுதலில் இருக்கிறது. சிலிக்கோன் பலகையோடு இடைவெளியில்லாமல் ஒட்டியிருந்தால், உள்ளே வரும் நீராவிக்குத் திரவமாகக் கூடி நிற்க இடம் கிடையாது. ஈரம் இருக்கும், குட்டை இருக்காது. குட்டை இல்லையென்றால் மின்சாரம் கசிய வழியில்லை. ஆனால் அடியில் ஒரு துளி உப்போ பிளக்ஸோ இருந்துவிட்டால், அது நீராவியை உறிஞ்சிக் கரைசலாகி, மேலும் தண்ணீரை இழுத்து, சிலிக்கோனைத் தூக்கிக் கொப்புளமாக்கும். தடிமனாகப் பூசுவதால் இது நிற்காது, இரண்டு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

மருத்துவ உலகமே இந்த வழியாகத்தான் வந்தது என்பதை அவரிடம் ஆறுதலாகச் சொன்னேன். 1958 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்ற நோயாளிக்கு முழுக்க உடலுக்குள் வைத்த முதல் பேஸ்மேக்கரைப் பொருத்தினார்கள். பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் அதற்கு எப்பாக்சி வார்த்தது ஒரு ஷூ பாலிஷ் டப்பாவில். அந்தக் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. லார்சன் அதற்குப் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி 2001 வரை வாழ்ந்தார். 1970களில் டைட்டானியம் உறையை வெல்டு செய்து மூடும் முறை வந்த பிறகுதான் பேஸ்மேக்கருக்குள் ஈரம் புகும் தலைவலி ஓய்ந்தது. "அப்போ நானும் எல்ம்க்விஸ்ட் மாதிரியாண்ணா?" என்றார். இல்லை என்றேன். லார்சனுக்கு ஒரே நாளில் பல தடவை இதயம் நின்றுகொண்டிருந்தது, காத்திருக்க நேரமில்லை. உனக்கு என்ன அவசரம்?

38.3இன் கணக்கு

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 34 டிகிரியில் அந்தத் தெர்மிஸ்டரின் தடை சுமார் 68 கிலோ ஓம். அதன் இரண்டு கால்களுக்கும் நடுவே ஈரத்தால் 1 மெகா ஓம் அளவுக்கு ஒரு கசிவுப் பாதை உண்டானால், சிப் பார்க்கும் மொத்தத் தடை 63.5 கிலோ ஓமாக இறங்கும். தடை குறைந்தால் சூடு ஏறியது என்றுதானே சிப்புக்கு அர்த்தம்? அது 35.6 டிகிரி என்று எழுதும். கசிவுப் பாதையின் தடை 350 கிலோ ஓமாக இறங்கும்போது 38.3 என்று எழுதும். நான் அளந்தபோது, ஈரத்தோடு, அந்தத் தடை 310 கிலோ ஓம். இரண்டு நாளில் அது இன்னும் கொஞ்சம் மோசமாகியிருக்கும், பொருந்துகிறது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த வேரைத் தூரிகையால் நீக்கி, பலகையை 60 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தினேன். கசிவுப் பாதையின் தடை 20 மெகா ஓமுக்கு மேல் போய்விட்டது, அதாவது கசிவு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. தெர்மிஸ்டர் மறுபடி ஒழுங்காக அறைச் சூட்டைச் சொன்னது. அதற்கு எந்தக் கோளாறும் இல்லை, பாவம்.

அதாவது 11ஆம் நாளிலிருந்து அந்தக் கருவி தன் உறை போய்விட்டது என்றுதான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. டிகிரிக் கணக்கில் சொன்னதால் அவர் அதைக் காய்ச்சல் என்று படித்தார். வாய்த் தெர்மாமீட்டர் 36.8 என்றபோது அது தவறு, இது சரி என்று எடுத்துக்கொண்டார். வரைபடத்திலேயே இன்னொரு தடயமும் இருந்தது. நிஜமாகவே இடம் சூடாகியிருந்தால் பகல் இரவு அலை அதே உயரத்தில் மேலே நகர்ந்திருக்கும். இங்கே அலை சப்பையாகிக்கொண்டே வந்தது: 10ஆம் நாள் 1.2 டிகிரி, 21ஆம் நாள் 1 டிகிரி. கசிவு கூடக்கூட, தெர்மிஸ்டரின் குரல் அமுங்கும். அளவுகோல் எடுத்து வைத்துப் பார்த்தால் தெரிகிற வித்தியாசம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 100 கிலோ ஓமுக்குப் பதில் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் வைத்து, அளக்கும்போது மட்டும் மின்சாரம் கொடுத்திருந்தால், அதே 1 மெகா ஓம் கசிவு 0.16 டிகிரிப் பிழையைத்தான் கொடுத்திருக்கும். வேரும் அவ்வளவு சீக்கிரம் முளைத்திருக்காது. நல்ல வடிவமைப்பு அதுதான். ஆனால் அப்படிச் செய்திருந்தால் உறை போனது மாதக்கணக்கில் தெரியாமலே இருந்திருக்கும், மூலையில் காரம் மட்டும் சத்தமில்லாமல் ஊறிக்கொண்டிருக்கும். மோசமான வடிவமைப்பு அவருக்கு ஒரு உதவி செய்தது, அவர்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

ஐந்து நாள் சோதனை எதைத் தவறவிட்டது என்று பார்க்க, அவர் வரைந்த அதே வடிவமைப்பை வைத்தே மூன்று பலகை செய்தோம். முதலாவது அவர் செய்தபடியே. இரண்டாவது, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவியது. மூன்றாவது, கழுவி, மூலைகளை உருட்டித் தேய்த்தது. மூன்றும் 37 டிகிரி உப்புத் தண்ணீரில், பேட்டரி ஓடும் நிலையில். முதலாவது 8ஆம் நாள் சூடு ஏறுவதாகச் சொல்ல ஆரம்பித்தது. மற்ற இரண்டும் 40ஆம் நாள் வரை நகரவில்லை. ஆனால் இரண்டாவதன் மூலையில் அமிலகாரத் தாள் நீலம் காட்டியது. மூன்றே மூன்று பலகையை வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனாலும் இரண்டு கோளாறுகளும் தனித்தனி என்பது ஓரளவு உறுதியாகிறது.

என் வாதத்தில் உள்ள ஒரு ஓட்டையை நானே காட்டிவிடுகிறேன். கல்ச்சரில் எதுவும் வளராததற்கு, அதற்கு ஐந்து நாள் முன்பே ஆன்டிபயாடிக் ஆரம்பித்ததும் காரணமாக இருக்கலாம். கிருமியே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சீழ் இல்லாததும், சிவப்பு ஒரே மூலையோடு நின்றதும், நீலப் புள்ளி அதே மூலையில் விழுந்ததும் சேர்ந்து காரத்தின் பக்கம் சாய்கின்றன.

இப்போது

கை ஆறிவிட்டது. கட்டைவிரல் முனை அளவுக்கு ஒரு தழும்பு, தொட்டால் கொஞ்சம் மரத்திருக்கும் என்கிறார். குப்பியும் காந்தமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு புதுப் பலகையின் வரைபடத்தோடு வந்தார். மூலைகளெல்லாம் வளைவு. ஓரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை செம்பே இல்லை. தெர்மிஸ்டர் 10 கிலோ ஓம், ஸ்விட்சோடு. அப்புறம் பலகையின் நான்கு மூலைகளிலும் வேறு வேலை எதுவும் இல்லாத இரண்டிரண்டு சின்னப் பட்டைகள், அரை மில்லிமீட்டர் இடைவெளியில். இது எதற்கு என்று கேட்டேன். "சும்மா இருக்கும்ணா. ஒரு மணிக்கு ஒரு தடவை நடுவில் எவ்வளவு கசியுதுன்னு மட்டும் பார்க்கும். டிகிரியோட இதையும் தனியா எழுதும்."

அது இப்போது அவர் மேசையில், மூடி போட்ட கண்ணாடி ஜாடியில், 37 டிகிரி உப்புத் தண்ணீருக்குள் இருக்கிறது. 112 நாள் ஆகிறது. மூன்று மூலையில் கசிவு அளக்க முடியாத அளவுக்குக் குறைவு. நான்காவது மூலையில் கசிவுப் பாதையின் தடை போன வாரம் 18 மெகா ஓம், நேற்று 11.